கேதார்நாத், ஜூன் 2013: மேலே ஒரு மழைமானி இருந்தது

போன மாசம் அம்மா எனக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் ஃபார்வர்ட் பண்ணாங்க. ஒரு டூர்காரரோட விளம்பரம். சார்தாம் யாத்திரை, 12 நாள், தென்னிந்தியச் சாப்பாடு, ஜூன் 10 புறப்பாடு. கீழ அம்மா ஒரே ஒரு வரி சேர்த்திருந்தாங்க: "நானும் சித்தியும் போலாம்னு இருக்கோம், பாத்து சொல்லு."

"பாத்து சொல்லு"ன்னா காசு சரியா இருக்கா, ட்ரெய்ன் டிக்கெட் கிடைக்குமான்னு பாருன்னு அர்த்தம். நான் அந்த "ஜூன் 10"லயே நின்னுட்டேன். 12 நாள்னா கேதார்நாத் ஏறுற நாள் ஜூன் 15, 16 வாக்குல வரும். அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்கு வேற எதுவும் ஓடல. இந்த எபிசோட் அப்படித்தான் ஆரம்பிச்சுது.

2013 ஜூன் 16, 17 தேதிகள்ல கேதார்நாத்துல என்ன நடந்துச்சுன்னு உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். அப்போ நான் ஸ்கூல்ல படிச்சிட்டு இருந்தேன். டிவில திரும்பத் திரும்ப ஒரே காட்சி: சேறும் பாறையும் நிறைஞ்ச ஒரு பள்ளத்தாக்கு, நடுவுல கோவில் மட்டும் நிக்குது. பின்னாடி பெரிய பாறை ஒண்ணு உருண்டு வந்து நின்னு வெள்ளத்தை ரெண்டா பிரிச்சதால கோவில் தப்பிச்சுதுன்னு சொன்னாங்க. இப்போ அதுக்கு பீம் சிலான்னு பேரு, மக்கள் அதையும் கும்பிட்டுட்டுத்தான் வர்றாங்க.

எனக்கு அந்தப் பாறையோட எந்தச் சண்டையும் இல்ல. ஆனா நாம சொல்ற கதை அங்கயே முடிஞ்சுடுது. கோவிலுக்குக் கீழ 14 கிலோமீட்டர் நடைபாதை இருந்துச்சு, அதுல ஆயிரக்கணக்கான பேர் இருந்தாங்க. கோவிலுக்கு மேல ரெண்டு கிலோமீட்டர் தூரத்துல ஒரு ஏரி இருந்துச்சு. அந்த ஏரிப் பக்கத்துல, பனியாற்றை ஆராய்ச்சி பண்ற விஞ்ஞானிகளோட ஒரு முகாமும் மழைமானியும் இருந்துச்சு. இன்னிக்கு நான் பேசப்போறது அந்த மழைமானியைப் பத்தி.

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்கலாம். 2023 செப்டம்பர்ல நான் அந்தப் பாதையில நடந்தேன். ரோடு கௌரிகுண்டோட முடிஞ்சுடும். அது கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம். கோவில் 3,583 மீட்டர். அதாவது நம்ம ஊட்டி தொட்டபெட்டா உச்சியைவிடத் தாழ்வான இடத்துல ஆரம்பிச்சு, அதைத் தாண்டி இன்னும் ஒரு கிலோமீட்டர் செங்குத்தா மேல போகணும். பழைய பாதை கௌரிகுண்ட், ஜங்கிள் சட்டி, பீம்பலி, ராம்பாடா, கருட் சட்டி, கேதார்நாத்னு போகும். சட்டின்னா நம்ம ஊரு சட்டி பானை இல்ல. யாத்ரீகர்கள் தங்கிப்போற இடத்துக்கு கட்வாலிகள் சொல்ற பேரு. பாதை முழுக்க மந்தாகினி ஆறு கூடவே வரும். சில இடத்துல கைக்கெட்டும் தூரத்துல, சில இடத்துல பாதாளத்துல.

ராம்பாடாதான் சரியா நடு வழி, கௌரிகுண்ட்ல இருந்து 7 கிலோமீட்டர். 2013 வரைக்கும் அது ஒரு கடைத்தெரு. டீக்கடை, தங்குற அறைகள், குதிரைக்காரங்க, டோலி தூக்குறவங்க. காலையில ஏற ஆரம்பிச்சவங்க அங்க மதியம் சாப்பிடுவாங்க, இருட்டிட்டா அங்கயே படுப்பாங்க. நான் போனப்போ ஒரு பாலம் வந்துச்சு, பாதை ஆத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போச்சு. கூட வந்த ஒரு குதிரைக்காரர்கிட்ட ராம்பாடா எங்கன்னு கேட்டேன். பாலத்துக்குக் கீழ பாறைக் குவியலைக் காட்டினாரு. ஒரு சுவர்கூட இல்ல. பழைய பாதையோட மேல் பாதி போயிட்டதாலதான் அங்கிருந்து எதிர்க்கரை வழியா லின்சோலின்னு புதுப் பாதை போட்டிருக்காங்க.

இப்போ கோவிலுக்கு மேல. கேதார்நாத்துக்குப் பின்னாடி சோராபாரின்னு ஒரு பனியாறு. அதோட ஓரத்துல, பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவிச்ச கல்லும் மண்ணும் ஒரு கரை மாதிரி நிக்குது. அந்தக் கரைக்குப் பின்னாடி அப்போ தேங்கி நின்ன தண்ணிதான் சோராபாரி ஏரி. 1948-ல காந்தியோட அஸ்தியில ஒரு பகுதியை அங்க கரைச்சதால காந்தி சரோவர்னும் சொல்வாங்க. சுமார் 400 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம், 15 முதல் 20 மீட்டர் ஆழம். நம்ம ஊர் ஏரிக்கு மதகு இருக்கும், கலிங்கல் இருக்கும். நிறைஞ்சா தண்ணி போக வழி வெச்சுத்தான் நம்ம முன்னோர் கரை போட்டாங்க. இந்த ஏரியை யாரும் கட்டல. மதகும் இல்ல, கலிங்கலும் இல்ல. மழையும் உருகின பனியும் உள்ள வரும், அடியில கல் இடுக்குகள் வழியா கசிஞ்சு வெளிய போகும். வர்றது போறதைவிட அதிகமாகாத வரைக்கும் பிரச்சினை இல்ல.

டேராடூன்ல வாடியா இமாலய நிலவியல் கழகம் இருக்கு. அவங்க சோராபாரி பனியாறு வருஷா வருஷம் எவ்வளவு சுருங்குதுன்னு அளக்க மேல ஒரு முகாம் வெச்சிருந்தாங்க. அந்த முகாமோட வானிலைப் பதிவுகளையும் அங்க இருந்த ஆட்கள் பார்த்ததையும் வெச்சு, பேரிடர் நடந்த அடுத்த மாசமே 'கரண்ட் சயின்ஸ்' இதழ்ல கட்டுரை எழுதினாங்க. இந்த எபிசோட்ல நான் சொல்ற நேரக்கணக்கு எல்லாம் அதுல இருக்குறதுதான்.

ஜூன் 15 சாயங்காலம் 5 மணியில இருந்து 16-ந் தேதி விடிகாலை 5 மணி வரைக்கும், 12 மணி நேரத்துல 210 மில்லிமீட்டர் மழை. அடுத்த 12 மணி நேரத்துல, அதாவது 16 சாயங்காலம் 5 மணிக்குள்ள, இன்னும் 115. மொத்தம் 24 மணி நேரத்துல 325 மில்லிமீட்டர்.

சென்னைக்காரங்க ஒரு நிமிஷம் நிதானிக்கலாம். 2015 டிசம்பர் 1-ந் தேதி மழையில தாம்பரத்துல பதிவானது 490. அதோட ஒப்பிட்டா 325 குறைச்சல்தானேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா தாம்பரம் தட்டை நிலம். அங்க தண்ணி நின்னு ஏறும். இங்க கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்துல, சரிவுல, இன்னும் உருகாம கிடந்த பனி மேல மழை கொட்டுது. மழைத் தண்ணியோட உருகின பனித் தண்ணியும் சேர்ந்து இறங்குது. வழியில இருக்குற மண்ணெல்லாம் பனியாறு விட்டுட்டுப் போன, ஒட்டாத மண்ணு.

16-ந் தேதி சாயங்காலம் 5:15-க்கு முதல் வெள்ளம் வந்துச்சு. கோவிலைச் சுத்தி ஓடுற ஓடைகள் எல்லாம் ஒரே நேரத்துல பொங்கி, கல்லோட சேறோட ஊரோட மேல் பகுதியை அடிச்சுட்டுப் போச்சு. ஆதிசங்கரர் சமாதின்னு சொல்ற இடம், பின்னாடி இருந்த விடுதிகள், ஆசிரமம் எல்லாம் போச்சு. மறுநாள் காலை 6:45-க்கு ரெண்டாவது. ராத்திரி முழுக்க நிறைஞ்சு வழிஞ்ச ஏரியோட கரை உடைஞ்சுடுச்சு. 5-லருந்து 10 நிமிஷத்துல ஏரி முழுசா காலியாச்சுன்னு முகாம் காவலர்கள் சொல்லியிருக்காங்க.

10 நிமிஷம். எஞ்சினியர் புத்தி, நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 400 பெருக்கல் 200 பெருக்கல் 15, பெட்டி மாதிரி இருந்தா 12 லட்சம் கன மீட்டர். ஏரி பெட்டி இல்ல, கிண்ணம். மூணுல ஒரு பங்குன்னே வெச்சுக்குவோம், 4 லட்சம் கன மீட்டர், அதாவது 40 கோடி லிட்டர். மீஞ்சூர் கடல்நீர் ஆலை முழு வேகத்துல ஓடினா ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் தரும். நாலு நாள்ல அது தர்ற தண்ணி, 10 நிமிஷத்துல, ஒரு மலைச்சரிவுல. இது என்னோட தோராயம்தான், ஆய்வுக் கணக்கு இல்ல. ஆனா அளவு புரியுறதுக்கு இது போதும்.

சரி, அந்த வருஷம் மட்டும் ஏன்? அப்போ இருந்த கணக்குப்படி, தென்மேற்குப் பருவமழை வழக்கமா ஜூன் 1 வாக்குல கேரளாவுல தொடங்கி, ஜூலை 15 வாக்குலதான் நாடு முழுக்கப் பரவி முடியணும். 2013-ல ஜூன் 16-லேயே நாடு முழுக்கப் பரவிடுச்சு. ஒரு மாசம் முன்னாடி. வங்கக்கடல் பக்கத்துல இருந்து நகர்ந்த காற்றழுத்தத் தாழ்வு வடமேற்குல போயி, மேற்கத்திய காற்றோட்டத்தோட மோதுச்சு. ரெண்டும் சேர்ந்து ஈரத்தை இமயமலைச் சுவர்ல கொண்டுபோய் மோதவிட்டுச்சு. டேராடூன்ல ஒரே நாள்ல சுமார் 370 மில்லிமீட்டர் மழை.

யாத்திரைக் காலண்டர் அந்தப் பழைய ஜூலைக் கணக்கை நம்பித்தான் இருந்துச்சு. கோவில் மே மாசம் திறக்கும். ஜூன்ல வட இந்தியா முழுக்க ஸ்கூல் லீவு, கூட்டம் உச்சத்துல இருக்கும். பருவமழை வந்ததும் கூட்டம் தானா குறையும். பாதையில கடை போடுறவங்க, குதிரைக்காரங்க எல்லாருக்கும் வருஷ வருமானம் இந்த ஆறு வாரத்துலதான். சுத்துவட்டார கிராமத்துப் பசங்களும் ஸ்கூல் லீவுல மேல வந்து சாமான் தூக்குவாங்க, கடையில நிப்பாங்க. அதனால அந்த வெள்ளத்துல வெளியூர் யாத்ரீகர்கள் மட்டும் போகல. உக்கிமட், குப்தகாசி பக்கத்துல சில கிராமங்கள் நிறைய ஆம்பளைங்களை இழந்துச்சு.

ஒரு சின்ன விலகல். ஸ்ரீநகர் பக்கத்துல, அதாவது கட்வால் ஸ்ரீநகர், தாரி தேவின்னு ஒரு கோவில். அணைத் திட்டத்துக்காக அந்த அம்மன் சிலையை ஜூன் 16 சாயங்காலம் இடம் மாத்தினாங்க, அதனாலதான் வெள்ளம்னு அங்க பரவலா நம்புறாங்க. யூட்யூப்லயும் நிறைய வீடியோ. நம்பிக்கையைக் கிண்டல் பண்ண நான் வரல. ஆனா மழைமானியைப் பாருங்க. அன்னிக்கு விடிகாலையிலேயே 210 பதிவாயிடுச்சு.

நான் இந்தக் கதைக்குள்ள விழுந்ததே அந்த 210-னாலதான். முதல் வெள்ளத்துக்கு 12 மணி நேரம் முன்னாடி அந்த எண் மேல இருந்துச்சு. ஏரி உடையறதுக்கு 25 மணி நேரத்துக்கு மேல முன்னாடி. 14 கிலோமீட்டர் இறங்க, மழையில, வயசானவங்களோட, ஏழு மணி நேரம்னு வெச்சுக்கோங்க. விடிகாலை 5 மணிக்கு யாராவது ஒரு மணி அடிச்சிருந்தா, மதியத்துக்குள்ள முக்கால்வாசிப் பேர் கௌரிகுண்ட் வந்திருக்கலாம். கௌரிகுண்டும் ஆத்தங்கரைதான், அதுக்குக் கீழ சோன்பிரயாக்லயும் அடி. பாதையிலயே மண்சரிவு இருந்திருக்கும். அதனால எல்லாரும் தப்பிச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ராம்பாடாவுல சாயங்காலம் அவ்வளவு பேர் டீ குடிச்சிட்டு நின்னிருக்க மாட்டாங்க.

நான் வேலை பார்க்குறது சர்வர்களைக் கவனிச்சுக்குற டீம்ல. எங்க வேலையில ஒரு பழைய வியாதி உண்டு. எல்லாமே லாக்ல இருக்கும். மெமரி எப்போ ஏறுச்சு, டிஸ்க் எப்போ நிறைஞ்சுது, எல்லாம் நிமிஷக் கணக்குல பதிவாகியிருக்கும். ஆனா அந்த எண் ஒரு அளவைத் தாண்டினா யாரோட போன் அடிக்கணும்னு யாரும் எழுதியிருக்க மாட்டாங்க. மறுநாள் விசாரணையில எல்லாரும் அந்த கிராஃபைப் பார்த்து "இதோ பாருங்க, ராத்திரியே தெரிஞ்சிருக்கு"ன்னு சொல்வாங்க. சோராபாரி முகாம் அப்படி ஒரு லாக். பனியாற்றை அளக்க வெச்சது. அங்க இருந்தவங்களைக் குறை சொல்ல ஒண்ணுமே இல்ல, கருவியைப் பாத்துக்குறதுதான் அவங்க வேலை. கீழ இருக்குற ஊருக்கு எச்சரிக்கை கொடுக்குறது யாரோட வேலைங்குற கேள்விக்கு அன்னிக்கு அந்த மாநிலத்துல பதிலே இல்ல.

இது என் கற்பனை இல்ல. வெள்ளத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 2013 ஏப்ரல்ல, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பேரிடர் தயார்நிலை பத்தி ஒரு அறிக்கை வெச்சாங்க. உத்தராகண்ட்ல மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2007 அக்டோபர்ல அமைக்கப்பட்டது. தணிக்கை நடந்த வரைக்கும் அது ஒரு தடவைகூட கூடவில்லை. விதிகளும் வகுக்கல, வழிகாட்டுதலும் இல்ல. ஐந்தரை வருஷம்.

வானிலை ஆய்வு மையம் சும்மா இருந்துச்சான்னா, இல்ல. டேராடூன் மையம் அந்த நாட்கள்ல கனமழை எச்சரிக்கை கொடுத்துச்சு, யாத்திரையைச் சில நாள் தள்ளி வைக்கவும் சொன்னதா அவங்க தரப்பு. எச்சரிக்கை பொதுவா இருந்துச்சு, அதை வெச்சு நடவடிக்கை எடுக்க முடியலன்னு விஜய் பகுகுணா அரசு தரப்பு. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திக் குறை சொல்லிக்கிட்டாங்க.

எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோவம் வருது, ஆனா சமமா இல்ல. மலை மாநிலத்துல மழைக்காலத்துல "சில இடங்களில் கனமழை"ங்குற வரி அடிக்கடி வரும். எங்க ஆபீஸ்லயும் தினம் நூறு அலர்ட் வந்தா நூத்தியோராவதை யாரும் பார்க்க மாட்டாங்க. அது மனுஷ சுபாவம். எந்தப் பள்ளத்தாக்கு, எத்தனை மில்லிமீட்டர்னு சொல்லணும்னா ரேடார் வேணும். 2013-ல உத்தராகண்ட்ல ஒரு டாப்ளர் ரேடார்கூட கிடையாது. முதல் ரேடார் முக்தேஷ்வர்ல வந்தது 2021 ஜனவரியில. ஆக, குரல் இருந்தவங்ககிட்ட துல்லியமான எண் இல்ல. எண் இருந்த மழைமானிக்குக் குரல் இல்ல. ஆனா பொதுவான எச்சரிக்கையா இருந்தாலும் கௌரிகுண்ட்ல ஒரு கயிறைக் கட்டி, இன்னிக்கு யாரும் மேல போகாதீங்கன்னு சொல்ல ரேடார் தேவையில்ல. அது அரசு பண்ணியிருக்கக்கூடிய வேலை.

பாதையில இருந்தவங்களுக்கு என்ன வழி இருந்துச்சுன்னு யோசிச்சா இன்னும் கஷ்டமா இருக்கு. வெள்ளம் வர்ற சத்தம் கேட்டா எங்க ஓடுவீங்க? மேல, சரிவுல, காட்டுக்குள்ள. பல பேர் அதைத்தான் செஞ்சாங்க. தண்ணியில இருந்து தப்பிச்சாங்க. ஆனா 3,000 மீட்டர் உயரத்துல, நனைஞ்ச துணியோட, சாப்பாடு இல்லாம, ராத்திரி மழையில. குளிர்லயே நிறைய பேர் போயிட்டாங்க. கேதார்நாத்துல இருந்து திரியுகிநாராயண் போற காட்டுப் பாதையில 2016-லகூட எலும்புக்கூடுகள் கிடைச்சுது. மூணு வருஷம் கழிச்சு. அவங்க வெள்ளத்துக்கு எதிர்த்திசையில சரியாத்தான் ஓடியிருக்காங்க.

எத்தனை பேர் இறந்தாங்கங்குறதுக்கு இன்னிக்கும் ஒரே எண் கிடையாது. 2013 ஜூலைல மாநில அரசு 5,700-க்கும் மேற்பட்டவங்களைக் காணோம், இறந்ததாகக் கருதி நிவாரணம் கொடுக்குறோம்னு சொல்லிச்சு. காரணம் எளிமையானது. அன்னிக்கு பாதையில யார் இருந்தாங்கன்னு எந்தப் பதிவும் இல்ல. யார் வேணா வரலாம், ஏறலாம். வீட்டுக்குத் திரும்பலன்னு குடும்பம் வந்து சொன்னாத்தான் அந்த ஆள் அங்க இருந்தாருன்னே தெரியும். குடும்பம் இல்லாத சாதுக்கள், நேபாளத்துல இருந்து வந்த கூலித் தொழிலாளிகள், இவங்களை யார் வந்து கேட்டிருப்பாங்க?

மீட்புப் பணியைச் சுருக்கமா சொல்லிடறேன், அது தனி எபிசோட். ராணுவமும் விமானப்படையும் மத்தப் படைகளும் சேர்ந்து மாநிலம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களை வெளிய கொண்டுவந்தாங்க. ஜூன் 25-ல ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் பக்கத்துல விழுந்து 20 பேர் இறந்தாங்க. கேதார்நாத்துல கிடந்த உடல்களை எரிக்க விறகு இறக்கிட்டுத் திரும்பின ஹெலிகாப்டர் அது. எனக்கு இந்த ஒரு விவரம் மட்டும் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

1882-ல எடுத்த கேதார்நாத் போட்டோ ஒண்ணு இருக்கு, இந்திய நிலவியல் ஆய்வுத்துறை எடுத்தது. கோவில், சுத்தி ரொம்பக் குறைவான கட்டடங்கள், மீதி வெறும் வெளி. பனியாறு கொட்டிவிட்ட கல்லு மண்ணு மேலதான் அந்த ஊரே இருக்கு. இப்போ மந்தாகினி கோவிலுக்கு மேற்கே ஓடுது. கிழக்கே பழைய ஓடைத்தடம் ஒண்ணு இருந்துச்சு. அதுல தண்ணி நின்னதும் விடுதிகள் கட்டிட்டாங்க. 2013-ல ஆறு திரும்ப அந்தத் தடத்துலயும் வந்துச்சு. பள்ளிக்கரணையைப் பார்த்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கத் தேவையில்ல.

அப்புறம் என்ன மாறுச்சு? உத்தரகாசியில இருக்குற நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்துக்காரங்க குளிர்காலத்துல பனியை வெட்டிப் பாதையைத் திரும்பப் போட்டாங்க. 2014 மே மாசம் யாத்திரை தொடங்குச்சு, அந்த வருஷம் வந்தவங்க சுமார் 40 ஆயிரம் பேர்தான். பதிவு கட்டாயமாச்சு. 2021 அக்டோபர்ல இதோட பலன் தெரிஞ்சுது. 17, 18, 19 தேதிகள்ல பெருமழைன்னு முன்கூட்டியே சிவப்பு எச்சரிக்கை வந்துச்சு. சார்தாம் யாத்திரையை நிறுத்தி, ஆட்களை ஹரித்வார், ரிஷிகேஷ்லயே பிடிச்சு வெச்சாங்க. முக்தேஷ்வர்ல 24 மணி நேரத்துல 340 மில்லிமீட்டர். சோராபாரி எண்ணைவிட அதிகம். மாநிலத்துல எழுபது பேர் வாக்குல இறந்தாங்க, பெரும்பாலும் குமாவுன் பக்கம். கேதார்நாத் பாதையில 2013 திரும்பல.

ஆனா அதே மழையில, ஹர்சில்ல இருந்து இமாச்சலத்துக்குப் போற லம்காகா கணவாயில ஒரு மலையேற்றக் குழு மாட்டி, பல பேர் பனியில இறந்தாங்க. எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க, மேல போனப்புறம் சொல்ல வழியில்ல. ட்ரெக்கிங் போற நண்பர்கள் இதைக் கேட்டுக்கோங்க. யாத்திரைப் பாதைக்குப் போட்ட கயிறு உங்க பாதைக்கு இருக்காது.

2024 ஜூலை 31 ராத்திரி இதே கேதார் பாதையில, பீம்பலி, லின்சோலி பக்கம் பெருமழை. பாதை உடைஞ்சு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவங்களை அடுத்தடுத்த நாட்கள்ல நடந்தும் ஹெலிகாப்டர்லயும் இறக்கினாங்க. உயிர்ச்சேதம் 2013 பக்கத்துலயே வரல. அதே சமயம் 2023-ல கேதார்நாத் போனவங்க 19 லட்சத்துக்கும் மேல. பாதை அதே பள்ளத்தாக்கு, அதே ஒட்டாத மண்ணு. ரேடார் வெச்சது நல்லது, ஆனா ஒரே நாள்ல எத்தனை பேரை அந்த இடுக்குல விடலாம்ங்குற கேள்வியை ரேடார் தீர்க்காது. சீசன்ல குதிரைச் சாணிக்கு நடுவுல தோளோடு தோள் உரசி நடந்தவங்களைக் கேளுங்க, சொல்வாங்க.

அம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். இவ்வளவு நீளமா இல்ல. அம்மா தேவாரம் படிக்கிறவங்க, அவங்களுக்கு அது திருக்கேதாரம். சம்பந்தரும் சுந்தரரும் அங்க நேர்ல போகல, காளஹஸ்தியில இருந்தே பாடினதா பெரியபுராணம் சொல்லுது. "பாரும்மா, அவங்களே ரிமோட்லதான் பாடியிருக்காங்க"ன்னு சொன்னேன். போன்ல அஞ்சு செகண்ட் அமைதி. அப்புறம், "அவங்க காலத்துல ஐஆர்சிடிசி இல்லடா"ன்னாங்க.

போகாதன்னு நான் சொல்லல. ஜூன் வேணாம், செப்டம்பர் கடைசின்னு சொன்னேன். "அப்போ கொலு யாரு வெப்பா?" சரி, நவராத்திரி முடிஞ்சு, தீபாவளிக்கு முன்னாடி. தீபாவளிக்கு ரெண்டு நாள் கழிச்சு பாய் தூஜ் அன்னிக்குக் கோவில் சாத்திடுவாங்க, அதனால நடுவுல பதினஞ்சு இருபது நாள்தான் கிடைக்கும். அக்டோபர்லயும் மழை வரும்னு 2021 காட்டியிருக்கு. அதனால மூணு கண்டிஷன் போட்டேன். பதிவு நம்பர் எனக்கு வரணும். சிவப்பு எச்சரிக்கை வந்தா ரிஷிகேஷ்லயே ரூம் எடுத்து உட்காரணும், அந்தச் செலவு என்னோடது. டூர்காரர் "ஒண்ணும் ஆகாதும்மா, வாங்க"ன்னு சொன்னா அவரை எனக்கு போன் போட்டுக் கொடுக்கணும்.

முதல் ரெண்டுக்கும் சரின்னாங்க. மூணாவதுக்கு, "ஏன், எனக்குப் பேசத் தெரியாதா?"ன்னு கேட்டாங்க. இப்போ சித்தியும் அம்மாவும் தினம் காலையில மொட்டை மாடியில ஒரு மணி நேரம் நடக்குறாங்க. டூர்காரர்கிட்ட அக்டோபர் பேட்ச் இருக்கான்னு அம்மாவே கேட்டுட்டாங்க. ஆள் சேர்ந்தா போடறேன்னு சொல்லியிருக்காரு.